இஸ்லாஹும் தத்ஹீரும்: துனீசியத் தேர்தல் ஒன்று கற்பிக்கும் பாடம்

புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர் தம் நாட்டு அரசியலை உண்மையாகவே சீர்திருத்துவாரா? தேர்தல் முடிவு வெளியான மறுநாளே எந்நாட்டிலும் எழும் வினா இது. இதற்கான விடையை நாம் பெரும்பாலும் அத்தலைவரின் குணநலன்களிலேயே தேடுகிறோம். கைத்தூய்மை உடையவரா, எளிய வாழ்வினரா, மார்க்கப் பற்று உள்ளவரா, சொன்ன சொல்லில் நிற்பவரா என்றெல்லாம் ஆராய்கிறோம். அவ்வாராய்ச்சி தேவையற்றதன்று. ஆனால் அதுமட்டும் போதுமா என்பதைத் துனீசிய நாட்டின் அண்மைக்கால வரலாறு நம்மை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது.

2019 அக்டோபர் 13 அன்று நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தலில் ஏறத்தாழ 72.7 விழுக்காடு வாக்குகள் பெற்றுக் கைஸ் ஸயீத் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவருக்கெனக் கட்சி இல்லை. பெருஞ்செலவில் விளம்பரம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தைப் பல்லாண்டுகள் கற்பித்த ஆசிரியர் அவர். எதிர்த்து நின்ற தொலைக்காட்சி நிறுவன உரிமையாளர் நபீல் கர்வீ வழக்கொன்றில் சிறையிலிருந்தார். எதிரி சிறையில் இருக்கும்போது தாம் மட்டும் ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்பது அறமன்று எனக் கூறி, ஸயீத் தம் பரப்புரையையே நிறுத்திக்கொண்டார். அதைப் படித்தபோது உள்ளம் நெகிழ்ந்தோர் பலர். நானும் அவர்களுள் ஒருவன்.

அவர்மீது எனக்கு ஈடுபாடு தோன்றியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது அவருடைய மொழி. அரபு நாட்டுத் தலைவர்கள் எழுதி வைத்ததைச் செந்தமிழ் போன்ற ஃபுஸ்ஹாவில் படிப்பர். ஏட்டிலிருந்து கண்ணை எடுத்ததும் வட்டார வழக்குக்கு இறங்கிவிடுவர். ஸயீதோ எழுதி வைக்காமலே ஃபுஸ்ஹாவில் பேசுபவர். பிரதமர் பொறுப்புக்கு ஒருவரை அழைக்கும் கடிதத்தையும் மஃக்ரிபு எழுத்து முறையில் தம் கையாலேயே எழுதினார். நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்து வயிறு வளர்க்கும் என் போன்றோர்க்கு இதைவிட மகிழ்ச்சி வேறென்ன? இறுதி வகுப்பு மாணவர்களுக்கு அவருடைய உரையொன்றை ஒலிக்கச் செய்து, சொற்களின் ஈறுகளைக் கவனிக்கும்படி கூறினேன்.

2021 ஜூலை கழிந்து சில வாரங்களுக்குப் பின் அம்மாணவருள் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், அவருடைய இஃராபில் பிழையில்லை என்றீர்கள். ஆட்சியிலும் பிழையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?" வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே விடை வரவில்லை. காலந்தாழ்ந்த அவ்விடையே இக்கட்டுரை.

நடந்தது என்ன?

முதலில் நடந்தவற்றை வரிசையாக நோக்குவோம். 2010 டிசம்பர் 17 அன்று ஸீதி பூஸீத் நகரில் தள்ளுவண்டி வணிகர் முஹம்மது பூஅஸீஸி தம் உடலில் தீ மூட்டிக்கொண்டார். அதைத் தொடர்ந்த எழுச்சி, 2011 ஜனவரி 14 அன்று ஜைனுல் ஆபிதீன் பின் அலீயை நாட்டைவிட்டு ஓடச் செய்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசமைப்பு மன்றம் இரண்டாண்டுகளுக்கும் மேலாக விவாதித்து, 2014 ஜனவரியில் 200 உறுப்பினரின் ஒப்புதலோடு புதிய அரசமைப்பை நிறைவேற்றியது. இஸ்லாமியக் கட்சியாகிய அந்நஹ்ளாவும் சமயச் சார்பற்ற கட்சிகளும் விட்டுக்கொடுத்து எழுதிய ஆவணம் அது.

அதன் பின்னர் வந்த ஆண்டுகள் இனிமையானவை அல்ல. அமைச்சரவைகள் அடிக்கடி மாறின. வேலையின்மை நீங்கவில்லை. நாடாளுமன்றத்தில் கைகலப்புகள் நிகழ்ந்தன. புதிய அரசமைப்பின் காவலனாக அமைய வேண்டிய அரசமைப்பு நீதிமன்றத்திற்கு நாடாளுமன்றம் தன் பங்குக்கு நால்வரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஒருவரை மட்டுமே தேர்ந்தெடுத்து, மற்றையோர் குறித்துப் பல ஆண்டுகள் பிணங்கி நின்றது. 2021 கோடையில் கொரோனா பெருந்தொற்று மருத்துவமனைகளை நிலைகுலையச் செய்தது. ஆகவே 2021 ஜூலை 25 அன்று இரவு ஸயீத் பிரதமரை நீக்கி, நாடாளுமன்றத்தை முடக்கியபோது மக்கள் வீதியில் இறங்கிக் கொண்டாடினர். அக்கொண்டாட்டத்தை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. குறை கட்சிகளிடம் இருந்தது. பெரிய குறையே இருந்தது.

ஆனால் அவ்விரவுக்குப் பின் நிகழ்ந்தவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் சென்றன. 2021 செப்டம்பரில் 117ஆம் எண் ஆணையால் சட்டமியற்றும் அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் வந்தது. 2022 பிப்ரவரியில் நீதித்துறை உயர்மன்றம் கலைக்கப்பட்டது. மார்ச்சில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் 57 நீதிபதிகள் ஒரே ஆணையில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஜூலை 25 அன்று புதிய அரசமைப்பு பொதுவாக்கெடுப்புக்கு விடப்பட்டது, வாக்களித்தோருள் 94.6 விழுக்காட்டினர் ஏற்றனர், ஆனால் வாக்களிக்க வந்தோர் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலுக்கு வந்தோரோ 11 விழுக்காட்டளவினர் மட்டுமே.

மூன்று சொற்கள்

மாணவரின் வினாவுக்கு என் துறையிலிருந்தே விடை தேடினேன். அரபு மொழியில் சீர்திருத்தத்தைக் குறிக்க இந்நிகழ்வுகளின்போது மூன்று சொற்கள் வழங்கின: இஸ்லாஹ், தஸ்ஹீஹ், தத்ஹீர். மேலோட்டமாக நோக்கின் மூன்றும் ஒரே பொருள் போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உறவைத் தன்னுள் வைத்திருக்கிறது.

இஸ்லாஹ் என்பது கெட்டுப்போனதைச் சீராக்குவது. ஃபஸாத் என்பதன் எதிர்ச்சொல். பிணங்கிய இருவரை இணக்குவதற்கும் குர்ஆன் இச்சொல்லையே ஆள்கிறது. எனவே அதில் மறுதரப்பு ஒன்று எப்போதும் உண்டு. அத்தரப்பின் பேச்சைக் கேட்காமல் இஸ்லாஹ் நடவாது. ஹூத் அத்தியாயத்தில் நபி ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடம் இஸ்லாஹைத் தவிர வேறெதையும் தாம் நாடவில்லை எனக் கூறும் இடம் நாமறிந்ததே. அங்கே அவர்கள் இரண்டு வரம்புகளைத் தமக்கே விதித்துக்கொள்கிறார்கள். பிறரைத் தடுத்த ஒன்றைத் தாம் செய்ய விரும்பவில்லை என்பது ஒன்று. தம்மால் இயன்ற அளவே என்பது மற்றொன்று. சீர்திருத்துவோர் தம் விதிக்குத் தாமும் உட்பட்டவர். அவருடைய ஆற்றலுக்கும் எல்லையுண்டு. ஒரு நபியே இவ்வாறு தம்மை வரையறுத்துக்கொள்ளும்போது, வாக்குப் பெற்று வந்த தலைவருக்கு விதிவிலக்கு ஏது?

தஸ்ஹீஹ் என்பது திருத்தம். ஜூலை 25 நிகழ்வை ஆதரித்தோர் அதனைத் 'தஸ்ஹீஹுல் மஸார்', அதாவது பாதையைத் திருத்துதல் என்றனர். கையெழுத்துப் படிகளோடு பழகியோர் இச்சொல்லின் நிபந்தனையை அறிவர். படியைத் திருத்துபவர் அஸ்ல் எனப்படும் மூலப்படியைத் தம் முன் வைத்துக்கொண்டே திருத்துவார். மூலத்தை ஒதுக்கிவிட்டுத் தம் நினைவிலிருந்து மாற்றுபவரை முஸஹ்ஹிஹ் என்று எவரும் அழைப்பதில்லை. அவர் புதிய நூல் எழுதுபவர். துனீசிய அரசியலுக்கு 2014ஆம் ஆண்டு அரசமைப்பே அஸ்லாக இருந்தது. ஸயீதும் அதன் 80ஆம் பிரிவைச் சுட்டியே ஜூலை 25 அன்று செயற்பட்டார். ஆனால் அப்பிரிவு, நெருக்கடிக் காலத்தில் நாடாளுமன்றம் இடைவிடாது கூடியிருக்க வேண்டும் என்றே விதித்திருந்தது. கூடியிருக்க வேண்டிய மன்றத்தை முடக்க அதே பிரிவு சான்றாகக் காட்டப்பட்டது. ஓராண்டில் மூலப்படியே அகற்றப்பட்டது.

மூன்றாவது சொல் தத்ஹீர், தூய்மைப்படுத்தல். நீதித்துறையையும் நிருவாகத்தையும் குறித்து ஸயீத் மீண்டும் மீண்டும் ஆண்ட சொல் இது. ஃபிக்ஹ் நூல்களில் தஹாரத் பாடத்தை முதலில் படித்தவர் நாம். தூய்மையாக்கும் நீர் தானும் தூயதாக இருக்க வேண்டும் என்பது அப்பாடத்தின் அடிப்படை. அரசியலில் இச்சொல்லை ஆள்பவர் தாம் ஏற்கெனவே தூயவர் என்பதை வாதமின்றி நிறுவிக்கொள்கிறார். மறுப்பவர் கருத்து வேறுபாடு கொண்டவராக அல்லாமல் அழுக்காகவே காணப்படுகிறார். அழுக்கோடு யார் ஷூரா செய்வர்? இஸ்லாஹில் மறுதரப்பு உண்டு. தஸ்ஹீஹில் மூலப்படி உண்டு. தத்ஹீரில் இரண்டும் இல்லை. ஒரு தலைவரின் பேச்சு முதற்சொல்லிலிருந்து மூன்றாம் சொல்லுக்கு நகர்வதை நாம் காதால் கேட்டுக்கொண்டே இருந்தோம். இஃராபை மட்டும் கவனித்தோம்.

மகாஸிதும் அரசும்

2022ஆம் ஆண்டு அரசமைப்பின் ஐந்தாம் பிரிவு நம் போன்றோர் சிறப்பாக ஆராய வேண்டியது. துனீசியா இஸ்லாமிய உம்மத்தின் ஒரு பகுதி என்றும், மக்களாட்சி முறைக்குட்பட்டு உயிர், மானம், பொருள், மார்க்கம், சுதந்திரம் ஆகியவற்றைக் காப்பதில் இஸ்லாத்தின் மகாஸிதை நிறைவேற்றுவது அரசின் கடமை என்றும் அப்பிரிவு கூறுகிறது. மகாஸித் என்னும் சொல்லை ஓர் அரசமைப்பில் கண்டு மகிழ்ந்தோர் உண்டு. மகிழ்வதற்கு முன் பட்டியலை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) வகுத்தளித்து, இமாம் ஷாத்திபீ (ரஹ்) விரித்துரைத்த ஐந்து, மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் என்பன. மானத்தைத் தனியே சேர்த்துக் கூறிய அறிஞரும் உளர். சுதந்திரத்தை மகாஸிதின் வரிசையில் வைத்து எழுதியவர் துனீசியாவின் ஸைத்தூனா தந்த பேரறிஞர் முஹம்மது அத்தாஹிர் இப்னு ஆஷூர் (ரஹ்). 1946இல் வெளிவந்த அவருடைய மகாஸித் நூல் அதற்குச் சான்று. ஆகவே சுதந்திரம் சேர்ந்தது புதுமையன்று. அம்மண்ணின் கல்வி மரபே அது. ஆனால் புதிய பட்டியலில் அக்ல், அதாவது அறிவு, இல்லை. ஐந்து எண்ணிக்கை நிறைந்திருக்கிறது. அறிவைக் காத்தல் விடுபட்டிருக்கிறது. இவ்விடுபாடு வேண்டுமென்றே செய்யப்பட்டதென நாம் கூறவில்லை. உள்ளங்களை அறிபவன் அல்லாஹ். எனினும் எழுத்தைப் படிப்பவன் எழுத்தில் உள்ளதையும் இல்லாததையும் சொல்லியே ஆக வேண்டும்.

இதனினும் கனமானது அப்பிரிவிலுள்ள 'வஹ்தஹா' என்னும் சொல். இக்கடமை அரசுக்கு 'மட்டுமே' உரியது. நம் வரலாற்றில் மகாஸிதை ஆராய்ந்தவர்கள் ஆட்சியாளர் அல்லர். அவர்களிடமிருந்து விலகி நின்ற உலமாக்களும் காழிகளுமே. சட்டத்தின் நோக்கத்தை அறிஞர் விளக்க, ஆட்சியாளர் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே அம்மரபின் உட்கிடை. மார்க்கத்தின் பெயரால் கட்சி நடத்துவோரைத் தடுக்கவே 'மட்டுமே' என்ற சொல் இடப்பட்டது என்று வாதிடலாம். அவ்வாதத்தில் ஓரளவு பொருளும் உண்டு. ஆனால் நோக்கத்தை விளக்கும் உரிமையும் நிறைவேற்றும் அதிகாரமும் ஒரே இடத்தில் சேருமாயின், தவறு நேரும்போது எடுத்துரைப்பவர் யார்?

அந்த 'அரசு' எது என்பதை அதே அரசமைப்பின் பிற பிரிவுகள் விளக்குகின்றன. 2014ஆம் ஆண்டு அரசமைப்பு சட்டமன்றம், நிருவாகம், நீதித்துறை ஆகியவற்றை 'ஸுல்தா', அதாவது அதிகாரம், எனக் குறித்தது. 2022ஆம் ஆண்டு அரசமைப்பு 'வளீஃபா', அதாவது பணி, என்கிறது. அதிகாரம் உடையவர் மற்றோர் அதிகாரத்தைத் தடுத்து நிறுத்தலாம். பணியிலிருப்பவர் பணியைச் செய்யலாம், அவ்வளவே. முந்தைய அரசமைப்பில் நாடாளுமன்றம் குடியரசுத் தலைவர்மீது குற்றஞ்சாட்டி, அரசமைப்பு நீதிமன்றத்தின் வழியாக அவரை நீக்க இடமிருந்தது. பிந்தையதில் அவ்வழியே இல்லை. வரைவுக் குழுவுக்குத் தலைமை வகித்த முதுபெரும் சட்ட அறிஞர் ஸாதிக் பலயீத், வெளியிடப்பட்ட பாடம் தம் குழு எழுதியதன்று என வெளிப்படையாகவே மறுத்துரைத்தார். ஜூலையில் சுதந்திரம் மகாஸிதுள் ஒன்றாக ஏற்றப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று பிறந்த 54ஆம் எண் ஆணைச்சட்டம், பொய்ச்செய்தி பரப்புவோர்க்கு ஐந்தாண்டுச் சிறையும், குறிவைக்கப்பட்டவர் அரசு அலுவலராயின் இருமடங்கும் விதித்தது. எது பொய் என்பதை வரையறுக்கும் இடத்தில் அரசே நின்றது. ஊடகவியலாளரும் வழக்கறிஞரும் அச்சட்டத்தின் கீழ் நீதிமன்றம் ஏறினர்.

துனீசியா முன்பே அறிந்தது

இப்பாடம் அந்நாட்டுக்குப் புதிதன்று என்பதுதான் வேதனை. 1861இலேயே அரசமைப்புச் சட்டம் ஒன்றை வெளியிட்ட மண் அது; முஸ்லிம் நாடுகளுள் அதுவே முதலாவது. வரிச்சுமையால் மூண்ட கிளர்ச்சியின்போது, 1864இல், அச்சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. அதில் பங்காற்றிய அறிஞர் இப்னு அபீ ளியாஃப் தம் வரலாற்று நூலின் முன்னுரையில் ஆட்சியை மூவகையாகப் பிரித்தார்: கட்டற்ற ஆட்சி, குடியரசு ஆட்சி, சட்டத்தால் கட்டப்பட்ட ஆட்சி. அவர் விரும்பியது மூன்றாவதை. அவரோடு இயங்கிய கைருத்தீன் பாஷா 1867இல் வெளியிட்ட 'அக்வமுல் மஸாலிக்' நூலின் அடிநாதமும் அதுவே. நல்ல ஆட்சியாளர் வாய்ப்பதை நம்பி ஒரு நாடு இருத்தலாகாது. அவரைத் தட்டிக் கேட்கும் அவைகள் வேண்டும் என்பது அவர் துணிபு. தீமையைத் தடுத்தல் என்னும் மார்க்கக் கடமைக்கு ஐரோப்பாவின் மக்கள் அவைகளும் அச்சுச் சுதந்திரமும் ஈடானவை என்று அவர் எடுத்துக் காட்டினார்.

இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு சான்று. 1987 நவம்பர் 7 அன்று முதுமையுற்ற ஹபீப் பூர்கீபாவை அகற்றிய பின் அலீ, வாழ்நாள் தலைமை இனி இல்லையென அறிவித்தார். மறு ஆண்டு பதவிக்கால வரம்பும் அரசமைப்பில் ஏறியது. மக்கள் நம்பினர், எதிர்க்கட்சியினரும் நம்பினர். 2002இல் பொதுவாக்கெடுப்பு ஒன்றால் அவ்வரம்பு நீக்கப்பட்டது. வாக்குறுதி கொடுத்தவரே அதைக் காக்கும் காவலராகவும் இருந்தார். காவலர் மனம் மாறியதும் வாக்குறுதி மறைந்தது.

ஒரு மறுப்பு

"பசித்தவனுக்கு அரசமைப்புப் பிரிவுகள் சோறு போடுமா? ஊழல் கட்சிகளை ஒடுக்க உறுதியான கை வேண்டாமா?" என ஒருவர் கேட்கலாம். நேர்மையான வினா இது. கட்சிகள் தம் கடமையில் தவறின என்பதை முன்னரே ஒப்புக்கொண்டோம். ஆனால் உறுதியான கை வந்த பிறகு பசி தீர்ந்ததா என்றும் கேட்க வேண்டுமல்லவா? ஸயீதின் ஆட்சியிலேயே, 2022இலும் 2023இலும், சர்க்கரை, மாவு, பால் போன்றவற்றுக்குத் துனீசிய மக்கள் வரிசையில் நின்றனர். 2022 அக்டோபரில் பன்னாட்டு நிதியத்தோடு தொடக்க நிலையில் ஒப்பிய 190 கோடி டாலர் கடனை, அயலார் கட்டளை எனக் கூறி ஸயீத் பின்னர் மறுத்தார். அம்மறுப்பில் தன்மானம் உண்டு, சரியாகவும் இருக்கலாம். ஆனால் அத்தகைய முடிவை விவாதித்து, மாற்று வழியைக் கேட்டுப் பெறும் வலிமையுள்ள அவை எதுவும் அப்போது இருக்கவில்லை. தட்டிக் கேட்கும் அவை இல்லாதபோது பசி குறைவதில்லை. பசி குறித்த பேச்சுத்தான் குறைகிறது.

அறத்தின் அளவிலும் ஒப்பீடு ஒன்று நம் கண்முன் நிற்கிறது. 2019இல் எதிரி சிறையிலிருந்ததற்காகப் பரப்புரையை நிறுத்தியவர் ஸயீத். 2024 அக்டோபர் 6 தேர்தலில் அவரை எதிர்த்தோருள் ஒருவரான அயாஷீ ஸம்மால் சிறையிலிருந்தவாறே போட்டியிட்டார். வேறு மூவரைப் போட்டியில் சேர்க்குமாறு நிருவாக நீதிமன்றம் கூறியதைத் தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. வாக்களிப்புக்குச் சில நாட்களே இருக்கையில், தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் அந்நீதிமன்றத்திடமிருந்து சட்டத் திருத்தத்தால் எடுக்கப்பட்டது. 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளோடு ஸயீத் வென்றார். வாக்களிக்க வந்தோர் 29 விழுக்காட்டினரும் இல்லை. 2025 ஏப்ரலில் அரசுக்கெதிரான சதி வழக்கொன்றில் அரசியலாளர், வழக்கறிஞர் முதலானோர்க்கு 66 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை அறிவிக்கப்பட்டது. 2019இல் பேசிய அறவுணர்வு பொய்யென்று நான் கருதவில்லை. அது மெய்யாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது அவருடைய உள்ளத்தில் மட்டுமே இருந்தது. அவரைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டத்திலும் அது எழுதப்படவில்லை. உள்ளம் மாறியபோது தடுக்க எதுவும் இல்லாமற் போயிற்று.

அளவுகோல்

எனவே புதிய தலைவர் எவராயினும், அவர் எந்நாட்டினராயினும், நாம் கேட்க வேண்டியவை மூன்று. தம்மைத் திருத்தும் உரிமையை அவர் யாரிடம் ஒப்படைக்கிறார்? தாம் விதிக்கும் விதிக்குத் தாமும் உட்படுகிறாரா? தம்மை மறுப்போரை அவர் எப்பெயரால் அழைக்கிறார்? முதலாவது வினாவுக்கு விடை எழுத்தில் வேண்டும், வாய்ச்சொல் போதாது. அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற நாளில், தாம் வழுவினால் நேர்ப்படுத்தும்படி மக்களிடமே வேண்டிக்கொண்டதை நாம் மிம்பர்களில் பெருமையோடு கூறுகிறோம். அவ்வேண்டுகோளை நடைமுறையாக்கும் அமைப்புகளை எழுப்பும் பணியில் முஸ்லிம் சமூகங்கள் பின்தங்கின என்பதையும் அதே மிம்பரில் கூறும் துணிவு நமக்கு வேண்டும். நல்லவரைத் தேடுவதில் காட்டிய ஆர்வத்தில் ஒரு பங்கையேனும் நல்லவரையும் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தேடுவதில் நாம் காட்டவில்லை.

என் மாணவருக்கு நான் தரும் விடை இதுதான்: இஃராபில் பிழை நேர்ந்தால் சுட்டிக்காட்ட நஹ்வு உண்டு, அதற்கு ஆசிரியனும் கட்டுப்பட்டவன். ஆட்சியில் பிழை நேர்ந்தால் சுட்டிக்காட்ட எது உண்டு என்று முதலில் பாருங்கள். அது இருந்தால் சாதாரண மனிதரும் சீர்திருத்துவார். அது இல்லையெனில் சிறந்த மனிதரும் இடறுவார். இவ்வாண்டு இறுதி வகுப்பில் அவ்வுரையை மீண்டும் ஒலிக்கச் செய்யப் போகிறேன். இம்முறை 2014, 2022 ஆகிய இரு அரசமைப்புகளின் அரபு மூலத்தையும் மாணவர் முன் வைத்து, ஸுல்தா வளீஃபாவாக மாறிய இடத்தை அவர்களே கண்டெடுக்கச் சொல்வேன்.

வல்லாஹு அஃலம்.